மருந்து குடிப்பவரைக் கேட்டுத்தான் தெரியும்: உயர் குருதி அமுக்கமும் வாழ்க்கைத் தரமும்

பல் வலித்தால் வைத்தியரிடம் போகிறோம். மருந்து குடித்ததும் வலி தணிகிறது, குணமானது நமக்கே தெரிகிறது. பிரஷர், அதாவது உயர் குருதி அமுக்கம், அப்படிப்பட்ட வருத்தமல்ல. பெரும்பாலானவர்களுக்கு அது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் மருத்துவ முகாமில் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்தால் 160/100 என்று வருகிறது. அதுவரை மலையேறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து நோயாளி. மாத்திரை தொடங்கிய பிறகு சிலருக்குக் கணுக்கால் வீங்குகிறது, சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது, சிலருக்கு உடம்பு அசந்து போகிறது. "சும்மா இருந்தபோது நன்றாகத்தான் இருந்தேன், மருந்து தொடங்கிய பிறகுதான் வருத்தமே வந்தது" என்று ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கிளினிக் வாங்கில் காத்திருப்பவர்கள் சொல்வதைக் கேட்கலாம்.

அவர்கள் சொல்வது உண்மை. மருந்தை விட்டுவிட்டால் பாரிசவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்கான ஆபத்து கூடும் என்று வைத்தியர் சொல்வதும் உண்மை. இந்த இரண்டில் ஒன்றைத்தான் பிரஷர் கருவி அளக்கிறது. மற்றதை, அதாவது நோயோடும் மருந்தோடும் ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதை, அளப்பதற்கென்று உருவானதுதான் வாழ்க்கைத் தர அளவீடு. மருத்துவ, தாதியர் மாணவர்களுக்கு மட்டுமன்றி கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இங்கே வாழ்க்கைத் தரம் என்பது வருமானத்தையோ வீட்டில் உள்ள பொருட்களையோ குறிப்பதில்லை. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு, ஆரோக்கியம் என்பது வெறுமனே நோயில்லாதிருப்பது அல்ல, உடலாலும் உள்ளத்தாலும் சமூக உறவுகளாலும் முழுமையாக நலமாக இருப்பதே என்றது. பின்னர் 1990களில் அதே நிறுவனம் வாழ்க்கைத் தரத்துக்கும் ஒரு வரையறை தந்தது. ஒருவர் தான் வாழும் பண்பாட்டுக்கும் விழுமியங்களுக்கும் நடுவே, தன் குறிக்கோள்களையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் முன்வைத்து, தன் வாழ்க்கையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பதே அது. 'தானே' என்பதுதான் இதன் உயிர். வைத்தியரோ தாதியோ மகனோ அவருக்காகப் பதில் சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பதை 1982இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு சிறிய ஆய்வு பளிச்சென்று காட்டியது. குருதி அமுக்கத்துக்கு மருந்து குடித்துவந்த 75 பேரைப் பற்றி மூன்று தரப்பினரிடம் கேட்டார்கள். அத்தனை பேருமே முன்னேறியிருக்கிறார்கள் என்றார்கள் வைத்தியர்கள், அமுக்கம் குறைந்திருந்ததல்லவா! நோயாளிகளில் 48 சதவீதத்தினர்தான் தாங்கள் முன்னேறியதாகச் சொன்னார்கள். வீட்டில் உடனிருப்பவர்களோ, ஒருவரைத் தவிர மற்ற எல்லோருடைய நிலையும் மோசமாகிவிட்டது என்றார்கள். சோர்வு, எரிச்சல், எப்போதும் நோயைப் பற்றிய நினைப்பு என்று அவர்கள் அடுக்கினார்கள். ஒரே மனிதர், ஒரே மருந்து, மூன்று தீர்ப்பு. அக்கால மருந்துகளில் பல இன்று முதல் தெரிவாக இல்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஆனால் வைத்தியரின் பார்வை மட்டும் போதாது என்ற பாடம் பழையதாகிவிடவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1986இல், அமெரிக்காவில் 626 ஆண்களிடம் நடந்த பரிசோதனை முடிவுகள் வெளிவந்தன. கப்டோப்ரில், மெத்தில்டோபா, ப்ரொப்ரனலோல் என்ற மூன்று மருந்துகளை 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அமுக்கத்தைக் குறைப்பதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. வாழ்க்கைத் தரத்தில் அப்படி இல்லை. மெத்தில்டோபா குடித்தவர்களைவிட கப்டோப்ரில் குடித்தவர்கள் தெளிவாக மேலான நிலையில் இருந்தார்கள். கருவியில் தெரியாத ஒரு வித்தியாசம் கேள்விப் படிவத்தில் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் மருந்துகளை ஒப்பிடும்போது வாழ்க்கைத் தரத்தையும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியது.

மருந்தே தொடங்காவிட்டாலும் பாதிப்பு வரலாம் என்பது இன்னொரு பக்கம். 1978இல் வெளியான கனேடிய ஆய்வு ஒன்று, உருக்காலைத் தொழிலாளர்களிடம் "உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது" என்று சொன்ன பிறகு அவர்கள் சுகவீனம் என்று வேலைக்கு வராமல் நின்ற நாட்கள் 80 சதவீதம் கூடியதைக் கண்டது. மருந்து தொடங்கினார்களா இல்லையா என்பதால் இதில் வேறுபாடு வரவில்லை. நோயாளி என்ற பெயரே ஆளைத் தளர்த்திவிடுகிறது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லாத தோட்டத்தில் இந்தத் தளர்ச்சி வீட்டு அடுப்பு வரை போகும். அதனால்தான் பிரஷர் இருப்பதை ஒருவரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எப்படி அளக்கிறார்கள்?

கேள்விப் படிவம்தான் கருவி. உலகெங்கும் பயன்படும் படிவங்கள் பல உண்டு. இலங்கை மாணவர் ஒருவர் அடிக்கடி எதிர்கொள்ளக்கூடியது உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம். இதன் மூலமான 100 கேள்விப் படிவம் உலகின் 15 மையங்களில் ஒரே காலத்தில் உருவாக்கப்பட்டது. அவற்றில் சென்னையும் ஒன்று என்பதால் தமிழ் இந்த முயற்சியில் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 26 கேள்விகளில் முதல் இரண்டும் பொதுவானவை. மற்ற 24உம் நான்கு பிரிவுகளுக்குள் வருகின்றன: உடல் சார்ந்தவை 7, உளம் சார்ந்தவை 6, சமூக உறவு 3, சூழல் 8. கடந்த இரண்டு வாரங்களை மனதில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஒரு விடை சொல்ல வேண்டும்.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்வோம். வயது 52, கொழுந்து பறிப்பவர், மூன்று ஆண்டுகளாகப் பிரஷர் மாத்திரை குடிக்கிறார். உடல் சார்ந்த ஏழு கேள்விகளையும் அவரிடம் வாசிக்கிறோம்.

"நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் உடல் வலி எவ்வளவு தடுக்கிறது அம்மா?" "நிறையவே தடுக்கிறது." அது 4. ஆனால் வலி கூடினால் வாழ்க்கைத் தரம் குறைகிறது, ஆகவே இந்தக் கேள்வியைத் தலைகீழாக மாற்ற வேண்டும். 6இலிருந்து கழித்தால் 2. அன்றாடம் இயங்க எவ்வளவு மருத்துவ சிகிச்சை தேவைப்படுகிறது என்பதற்கும் 4 என்கிறார். அதுவும் தலைகீழாகி 2. அன்றாட வாழ்வுக்குப் போதிய தெம்பு இருக்கிறதா? 3. நடமாட்டம்? 4. தூக்கம் திருப்தியா? இல்லை, 2. அன்றாடக் காரியங்களைச் செய்வதில் திருப்தி 4, வேலை செய்யும் திறனில் 4. கூட்டினால் 21. ஏழால் வகுத்தால் சராசரி 3. அதை நான்கால் பெருக்கினால் 12. இதை 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்ற 12இலிருந்து 4ஐக் கழித்து, 100ஆல் பெருக்கி, 16ஆல் வகுக்க வேண்டும். விடை 50.

அதே முறையில் அவருடைய உளப் புள்ளி 58, சமூக உறவுப் புள்ளி 83, சூழல் புள்ளி 31 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்க விரும்புவோர் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. படிவத்தின் பயனே எந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்று காட்டுவதில்தான் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு உறவும் அயலும் துணை நிற்கின்றன. பள்ளம் சூழலில். சூழல் என்ற பிரிவுக்குள் பாதுகாப்பு, கையில் இருக்கும் பணம், தேவையான தகவல் கிடைப்பது, ஓய்வு, வீட்டின் நிலை, வைத்திய வசதி, போக்குவரத்து எல்லாம் வருகின்றன. லயன் அறையின் கூரை ஒழுகுவதும், கிளினிக் நாளில் முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாளே போய்விடுவதும் இந்த 31க்குள்தான் ஒளிந்திருக்கின்றன. குருதி அமுக்கத்துக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், மாதம் தவறாமல் மருந்தெடுக்க ஒருவர் எவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது என்பதை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.

மற்றப் படிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஸ்.எஃப்-36 என்பதில் 36 கேள்விகள், எட்டுப் பிரிவுகள். ஈ.கியூ-5டி மிகச் சிறியது: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்தே கேள்விகள், கூடவே இன்றைய உடல்நிலைக்கு 0 முதல் 100 வரை ஒரு புள்ளி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அறிகுறியே இல்லாத பிரஷர்காரர்களில் பலர் ஐந்துக்கும் "பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிடுவதால், நுண்ணிய வித்தியாசங்கள் அதில் தவறிப்போகும்.

இவையெல்லாம் எந்த நோய்க்கும் பயன்படும் பொதுப் படிவங்கள். உயர் குருதி அமுக்கத்துக்கென்றே செய்யப்பட்டவையும் உண்டு. ஸ்பெயினில் உருவாகி 2002இல் 16 கேள்விகளாகச் சுருக்கப்பட்ட மினிச்சால் அவற்றில் பெயர் பெற்றது. அதில் ஒரு பகுதி மனநிலை பற்றியது, மற்றது உடலில் தெரியும் தொல்லைகள் பற்றியது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. இங்கே எண் குறைந்தால்தான் நல்லது. மற்றவற்றில் எண் கூடினால் நல்லது என்பதால், அவசரத்தில் வாசிப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது.

படிவம் சரியா என்று எப்படித் தெரியும்?

கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாக்கை மூன்று முறை தொங்கவிட்டால் மூன்று முறையும் 14 கிலோ காட்ட வேண்டும். 14, 11, 16 என்று தாறுமாறாகக் காட்டினால் அந்தத் தராசை யாரும் நம்ப மாட்டார்கள். ஆய்வாளர்கள் இதை நம்பகத்தன்மை என்கிறார்கள். நிலைமை மாறாத ஒருவரிடம் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டால் ஏறக்குறைய அதே புள்ளி வர வேண்டும். ஒரே பிரிவிலுள்ள கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணைக் கணிக்கிறார்கள், வழக்கமாக 0.7க்கு மேல் இருந்தால் ஏற்கிறார்கள்.

மூன்று முறையும் 12 என்றே காட்டுகிறது, ஆனால் சாக்கில் உண்மையில் இருப்பது 14 கிலோ என்றால்? தராசு சீராகத்தான் இருக்கிறது, ஆனால் சரியாக இல்லை. அந்த இரண்டு கிலோ எங்கே போனது என்று தராசடியில் நின்று கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்ற இந்தக் கேள்வியே ஏற்புடைமை. பாரிசவாதம் வந்தவர்களுடைய புள்ளி வராதவர்களுடையதைவிடக் குறைவாக வருகிறதா, மனச்சோர்வு கூடியவர்களுக்கு உளப் புள்ளி இறங்குகிறதா என்றெல்லாம் பார்த்து இதைச் சோதிக்கிறார்கள். கடைசியாக, சாக்கில் அரைக் கிலோ கூட்டினாலும் முள் அசைய வேண்டும். மருந்தை மாற்றிய பிறகு ஒருவருக்கு உண்மையிலேயே நிம்மதி வந்திருந்தால் புள்ளி அதைக் காட்ட வேண்டும்.

ஓரிடத்தில் சரியாக இருந்த படிவம் இன்னோரிடத்தில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எஸ்.எஃப்-36இன் ஆங்கில மூலத்தில், தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளுவதும் கோல்ஃப் ஆடுவதும் மிதமான உடலுழைப்புக்கு உதாரணங்களாக வருகின்றன. மஸ்கெலியாவில் இந்த உதாரணங்களை வாசித்தால் யாருக்கும் பொருள் விளங்காது என்பது ஒரு புறம். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. அதே படிவம் ஒரு மைலுக்கு மேல் நடக்க முடிகிறதா என்றும் கேட்கிறது. தினமும் செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் பெண், தாராளமாக முடியும் என்பார். முழுப் புள்ளி. ஆனால் முன்பு நிறைந்த சாக்கைத் தலையில் சுமந்து தராசு வரை வந்தவர், இப்போது பாதி வழியில் இறக்கிவைத்து மூச்சு வாங்குகிறார். அந்த இழப்பு இந்தக் கேள்வியில் பதிவாகாது. எனவே மலையகத்தில் பயன்படுத்தும் படிவத்தில் விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம், கொழுந்துச் சாக்கு ஆகியவை உதாரணங்களாக வர வேண்டும். மொழிபெயர்த்து, அதை மற்றொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பி, பிறகு பத்துப் பதினைந்து பேரிடம் வாசித்துக் காட்டி, "இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று விசாரிப்பது இதற்கான முறை. சென்னையில் செய்த தமிழ்ப் படிவமானாலும் தலவாக்கலையில் இந்தச் சோதனையை மறுபடி செய்தாக வேண்டும்.

யார் கேட்கிறார், எங்கே வைத்துக் கேட்கிறார்?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுப்பவரே படிவத்தையும் நீட்டினால் கிடைக்கும் பதில், "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா" என்பதாகவே இருக்கும். மருந்து தருபவரிடம் மருந்தைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? கங்காணி பக்கத்தில் நின்றால் வேலைத் திறனைப் பற்றிய கேள்விக்கு உண்மை வராது. கேட்பவர் வெளியாளாக இருக்க வேண்டும், தமிழில் சரளமாகப் பேச வேண்டும், கேட்ட பதில் யாரிடமும் போகாது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாத முதியவர்களிடம் ஐந்து படிநிலைகளை வாயால் சொன்னால் குழம்பிவிடுவார்கள். சிரித்த முகத்திலிருந்து வாடிய முகம் வரை ஐந்து படங்களைக் காட்டினால் தயங்காமல் விரல் வைப்பார்கள்.

26 கேள்விகளில் ஒன்று தாம்பத்திய உறவு பற்றியது. அநேகர் அதைத் தாண்டிவிடுவார்கள். கேட்பவர்களே வெட்கப்பட்டுத் தாண்டிவிடுவதும் உண்டு. ஆனால் ப்ரொப்ரனலோல் போன்ற பழைய வகை பீட்டா தடுப்பான்களும், சிறுநீரைக் கூட்டும் சில மாத்திரைகளும் சில ஆண்களுக்கு இந்த விடயத்தில் தொல்லை தரக்கூடியவை. காரணம் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடும் ஆணிடம் இதைக் கேட்டால்தான் விளங்கும். ஒரு லயன் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. அங்கே வைத்துக் கேட்கக் கூடாது. ஆணிடம் ஆணும் பெண்ணிடம் பெண்ணும், தனியிடத்தில் கேட்க வேண்டும்.

அதே சிறுநீர் மாத்திரை பெண்களுக்கு வேறொரு விதத்தில் சிக்கலாகிறது. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனால் ஒன்பது மணிக்குள் இரண்டு மூன்று தடவை ஒதுங்க வேண்டிவரும். கொழுந்து மலையில் கழிப்பறைக்கு எங்கே போவது? அதனால் வேலை நாட்களில் மாத்திரையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கிளினிக்கில் அமுக்கம் குறையவில்லை என்று பார்த்ததும் மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. "மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?" என்று கேட்டால் தலை ஆமென்று ஆடும். "மருந்து குடித்த பிறகு உங்கள் நாள் எப்படிப் போகிறது?" என்று கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

எண்ணை எப்படி வாசிப்பது?

பிரஷர் உள்ளவர்களுடைய புள்ளி இல்லாதவர்களுடையதைவிடக் குறைவு என்று ஓர் ஆய்வு காட்டினால், உடனே பிரஷர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிரஷர் உள்ளவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள்; பலருக்குச் சீனி வருத்தமும் மூட்டு வலியும் சேர்ந்தே இருக்கும். வயது, பிற நோய்கள், குடிக்கும் மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யாத ஆய்விலிருந்து நாம் அதிகம் கற்றுக்கொள்ள முடியாது. வேறு வேறு ஆட்களை ஒப்பிடுவதைவிட, ஒரே ஆளை மருந்து தொடங்குமுன்னும் சில மாதங்கள் கழித்தும் கேட்பது தெளிவான விடை தரும். கேட்கும் மாதமும் முக்கியம். கொழுந்து நிறைய வரும் மாதத்தில் உடம்பு களைத்திருக்கும், கையில் காசு இருக்கும். கொழுந்து குறைந்த மாதத்தில் உடம்புக்கு ஓய்வு, மனதுக்குக் கவலை. மழை மாதத்தில் கேட்டதை வெயில் மாதத்தில் கேட்டதோடு ஒப்பிட்டால் மருந்தின் விளைவும் பருவத்தின் விளைவும் கலந்துவிடும்.

மருந்துகள் என்றாலே வாழ்க்கைத் தரம் கெடும் என்று இதைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 9,361 பேரைக் கொண்டு நடந்த ஸ்பிரின்ட் பரிசோதனையில் ஒரு தரப்பினருக்கு மேல் அமுக்கத்தை (160/100 என்பதில் 160 போன்ற முதல் எண்ணை) 120க்குக் கீழும், மற்றத் தரப்பினருக்கு 140க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். முதல் தரப்பினர் சராசரியாக ஒரு மருந்து கூடுதலாகக் குடித்தார்கள். ஆனாலும் தங்கள் உடல், உள நலம் பற்றி அவர்களே சொன்னதில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2017இல் வெளியான முடிவுகள் காட்டின. ஆளுக்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அமுக்கத்தையும் குறைக்கலாம், வாழ்க்கையையும் காப்பாற்றலாம்.

அதற்கு வைத்தியருக்குத் தகவல் வேண்டும். அம்லோடிபின் குடித்து கணுக்கால் வீங்கினால் அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு மருந்துக்கு மாறலாம். எனலாப்ரில் வகை மருந்தால் வறட்டு இருமல் வந்தால் லொசார்டன் போன்ற ஒன்றைக் கொடுக்கலாம். சிறுநீர் மாத்திரை வேலைக்கு இடைஞ்சல் என்றால் குடிக்கும் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்கலாம். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. அடுத்த கிளினிக்குக்குப் போகுமுன் தூக்கம், தெம்பு, கால் வீக்கம், இருமல், மனநிலை, வேலை ஆகிய ஆறைப் பற்றியும் கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டு தமிழிலும், முடிந்தால் சிங்களத்திலும் ஒவ்வொரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் இரண்டொரு நிமிடத்தில் அந்த ஆறு வரிகளை வாசித்துவிட முடியும்.